தூரம்–வேகம்–நேரம்: சமன்பாடு சரி, விடை மட்டும் தப்பாக வருகிறது, ஏன்?

தேர்வு_தயார்

ரயில்வே தேர்வுக்கான கால–தூரக் கணக்கு. விடை 6000 கி.மீ. என்று வந்து நிற்கிறது.

கணக்கு: ஒரு பேருந்து மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போனால் 20 நிமிடம் தாமதமாகச் சேர்கிறது. 50 கி.மீ. வேகத்தில் போனால் 10 நிமிடம் முன்னதாகவே சேர்ந்துவிடுகிறது. தூரம் எவ்வளவு?

போட்ட விதம்: தூரம் த. அப்படியானால் த/40 − த/50 = 30. அதாவது த/200 = 30, த = 6000.

வலப்பக்கம் 30 போடுவதா, 20 − 10 = 10 போடுவதா என்பதிலும் குழப்பம். யாராவது சொல்லுங்கள்.

---

சுண்ணக்கட்டி

சமன்பாட்டை அமைத்தது சரி. அலகுதான் காலை வாரிவிட்டது. த/40 என்று எழுதிய உடனேயே இடப்பக்கம் 'மணி' ஆகிவிட்டது, ஏனென்றால் 40 என்பது மணிக்கு. வலப்பக்கம் நீங்கள் போட்ட 30 நிமிடம். இரண்டும் ஒரே தராசில் ஏறாது. 30 நிமிடத்தை 1/2 மணி என்று போடுங்கள்: த/200 = 1/2, த = 100 கி.மீ.

சரிபார்ப்போம். 40 வேகத்தில் 100 கி.மீ. போக 2 மணி 30 நிமிடம். 50 வேகத்தில் 2 மணி. முதலாவது 20 நிமிடம் தாமதம் என்றால் குறித்த நேரம் 2 மணி 10 நிமிடம். அதற்கு 10 நிமிடம் முன்னால் 2 மணி. பொருந்துகிறது.

30-ஆ 10-ஆ என்பதற்கு மனப்பாடம் வேண்டாம். சேர வேண்டிய நேரம் 9:00 என்று வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகப் போன வண்டி 9:20-க்கு வரும், வேகமாகப் போனது 8:50-க்கு வரும். நடுவில் 30 நிமிடம். இரண்டுமே தாமதம் என்று கணக்கில் இருந்தால் (9:20, 9:10) இடைவெளி 10. 'கூட்டு, கழி' என்ற விதியைத் தேடாமல் கடிகாரத்தில் இரண்டு புள்ளி வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. 6000 என்று வந்ததும் கை நின்றிருக்க வேண்டும். கன்னியாகுமரியிலிருந்து ஜம்மு–காஷ்மீர் வரை போகிற ஹிம்சாகர் எக்ஸ்பிரஸே 4000 கி.மீ.க்குள்தான் ஓடுகிறது. 20 நிமிடத் தாமதம் பேசுகிற பேருந்து அவ்வளவு தூரம் போகாது!

---

குறுக்குவழி

இதற்குச் சமன்பாடே தேவையில்லை. இரண்டு வேகத்தின் பெருக்கல் ÷ வித்தியாசம் × நேர இடைவெளி. 40 × 50 ÷ 10 × 1/2 = 100. முடிந்தது.

ரயில்வே வாரியத்தின் ஆர்.ஆர்.பி. என்.டி.பி.சி. (தொழில்நுட்பம் சாராத பணிகள்) முதல்கட்டத் தேர்வில் 90 நிமிடத்துக்கு 100 கேள்வி. ஒரு கேள்விக்கு 54 நொடி. 'த என்க' என்று ஆரம்பித்தால் அடுத்த பக்கம் போக முடியாது.

---

சுண்ணக்கட்டி

அந்தச் சூத்திரம் வானத்திலிருந்து விழவில்லை. த(1/40 − 1/50) என்பதைச் சுருக்கினால் த × 10/2000. அதைப் புரட்டினால் உங்கள் சூத்திரம்.

பிரச்சினை எங்கே வருகிறது தெரியுமா? கணக்கை லேசாக மாற்றிக் கேட்கிறார்கள்: 'போகும்போது 40, திரும்பும்போது 60, மொத்தம் 5 மணி நேரம். ஒரு வழித் தூரம் என்ன?' இப்போது நேரங்களின் கூட்டல் தெரியும், வித்தியாசம் தெரியாது. த/40 + த/60 = 5. பொது வகுஎண் 120: 3த/120 + 2த/120 = 5. த = 120 கி.மீ. மனப்பாடச் சூத்திரக்காரர் 40 × 60 ÷ 20 × 5 போட்டு 600 எழுதுவார். வகுக்க வேண்டியது 20 அல்ல, 100. சமன்பாட்டில் கழித்தல் இருக்கிறதா கூட்டல் இருக்கிறதா என்பதுதான் அந்த 20-ஐயும் 100-ஐயும் தீர்மானிக்கிறது. அதைப் பார்த்துவிட்டுச் சூத்திரம் போட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இதே கணக்கில் சராசரி வேகம் 50 என்று எடுத்து 50 × 5 ÷ 2 = 125 என்று போடுகிறவர்களும் உண்டு. சராசரி 240 ÷ 5 = 48. மெதுவான வேகத்தில் அதிக நேரம் ஓடுகிறது (3 மணி, மற்றது 2 மணி), அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. 40-இல் ஒரு மணி, 60-இல் ஒரு மணி என்று நேரத்தைச் சமமாகப் பிரித்திருந்தால்தான் 50 வரும்.

---

வடலி

சொல் பற்றி ஒரு குறிப்பு, யாழ்ப்பாணப் பக்கப் பிள்ளைகளும் இந்த இழையை வாசிக்கலாம் என்பதால். தமிழ்நாட்டில் 'வேகம்', 'திசைவேகம்' என்று பிரிப்பதை இலங்கைப் பாடநூல்களில் 'கதி', 'வேகம்' என்று பிரிக்கிறோம். ஆகவே எங்கள் வினாத்தாளில் 'வேகம்' என்று வந்தால் அதற்குத் திசை உண்டு. இங்கே பேசப்படுவது எல்லாம் எங்களுக்குக் 'கதி'.

சராசரி பற்றிச் சொன்னதற்கு ஒரு நல்ல சோதனை: 60 கி.மீ. தூரத்தை மணிக்கு 30 கி.மீ. கதியில் போய்விட்டீர்கள். முழுப் பயணத்தின் சராசரி 60 ஆக வேண்டும் என்றால் எந்தக் கதியில் திரும்ப வேண்டும்? பலர் உடனே 90 என்பார்கள். சமன்பாட்டை எழுதுங்கள். மொத்தம் 120 கி.மீ., சராசரி 60, ஆகவே மொத்த நேரம் 2 மணி. போவதற்கே 60/30 = 2 மணி போய்விட்டது. 2 + 60/வ = 2, அதாவது 60/வ = 0. எந்த வ-வும் இதைத் தீர்க்காது. விண்கலத்தில் திரும்பினாலும் சராசரி 60-ஐத் தொடாது.

---

தேர்வு_தயார்

நன்றி. அடுத்தது துரத்தல் கணக்கு. பேருந்து 6:00 மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் புறப்படுகிறது. அதே இடத்திலிருந்து கார் 7:20-க்கு 75 கி.மீ. வேகத்தில். எப்போது எட்டிப் பிடிக்கும்?

கார் ஓடிய நேரம் ந. இருவரும் கடந்த தூரம் சமம். 45(ந − 4/3) = 75ந. இதில் ந = −2 வருகிறது. கழித்தல் குறியைத் தூக்கிவிட்டு 2 மணி என்று எழுதினால் விடைக்குறிப்போடு ஒத்துப்போகிறது. அப்படிச் செய்யலாமா?

---

மீட்டர்_கேஜ்

செய்யக்கூடாது. இந்த முறை தற்செயலாகப் பொருந்திவிட்டது, அடுத்த முறை பொருந்தாது.

ந என்பது காரின் நேரம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பேருந்து முன்னாலேயே புறப்பட்டது, அதனால் அது ஓடிய நேரம் *அதிகம்*: ந + 4/3. 'தாமதமாகப் புறப்பட்டது' என்பதைப் படித்ததும் கை தானாகக் கழித்தல் போடுகிறது. யாருடைய நேரத்தில் கழிக்கிறோம் என்று பார்ப்பதில்லை. 45(ந + 4/3) = 75ந. 60 = 30ந. ந = 2. கார் புறப்பட்டு 2 மணி கழித்து, அதாவது 9:20. தூரம் 75 × 2 = 150. பேருந்துக்கு 3 மணி 20 நிமிடம் × 45 = 150. சரி.

அந்த −2 வேறொன்றைச் சொல்கிறது: 'நீ எழுதிய கதையில் கார்தான் முன்னால் புறப்பட்டது, வேகமும் அதற்குத்தான் அதிகம். இனிமேல் பேருந்து அதைப் பிடிக்காது.' நேரத்துக்கு எதிர்மறை வந்தால் குறியைத் தூக்காதீர்கள், சமன்பாட்டை அமைத்த வரிக்குத் திரும்புங்கள்.

இன்னொரு பொறி: 1 மணி 20 நிமிடத்தை 1.20 என்று எழுதுவது. 45 × 1.2 = 54, 54 ÷ 30 = 1.8 மணி, 9:08 என்று விடை வரும். அந்த 9:08-உம் நான்கு விடைகளில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். 20 நிமிடம் என்பது 1/3. தசமத்தில் எழுதினால் முடிவே வராத 0.333… இந்த மாதிரிக் கணக்குகளில் பின்னம்தான் வசதி.

---

வடலி

தூர–நேர வரைபு போட்டால் குறி பிழைக்கவே வழியில்லை. கிடை அச்சில் மணி, நிலை அச்சில் கி.மீ. பேருந்தின் கோடு 6:00-இல் தொடங்கும், காரின் கோடு 7:20-இல் தொடங்கும். கோட்டின் படித்திறன்தான் கதி (தமிழ்நாட்டில் 'சாய்வு'). 7:20-இல் நிலைக்குத்தாகப் பார்த்தால் இடைவெளி 60 கி.மீ. ஒவ்வொரு மணிக்கும் அது 30 கி.மீ. குறையும். இரண்டு மணியில் கோடுகள் வெட்டும். துல்லியமாக வரைய வேண்டியதில்லை, கையால் இரண்டு கோடு இழுத்தால் போதும். எந்தக் கோடு முன்னால் தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

---

குறுக்குவழி

எதிரெதிர்த் திசை என்றால் வேகத்தைக் கூட்டு, ஒரே திசை என்றால் கழி. இவ்வளவுதானே, இதற்கு வரைபடம் எதற்கு?

---

மீட்டர்_கேஜ்

இருவரும் *ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது* மட்டும் அந்த விதி. 365 கி.மீ. இடைவெளியில் இரண்டு ஊர். ஒரு வண்டி 6:00-க்கு 60 வேகத்தில், எதிர்முனையிலிருந்து இன்னொன்று 7:30-க்கு 50 வேகத்தில். 365 ÷ 110 போட்டால் தப்பு, 7:30 வரை ஒரு வண்டிதான் ஓடுகிறது. முதல் வண்டியின் நேரம் ந என்றால் 60ந + 50(ந − 3/2) = 365. 110ந = 440. ந = 4, அதாவது 10:00 மணி. முதல் வண்டி 240, இரண்டாவது 125, கூட்டினால் 365.

இங்கே பாருங்கள், துரத்தலில் இரண்டு தூரமும் *சமம்*, எதிரெதிரில் இரண்டு தூரமும் *கூடி* மொத்தத் தூரம். எது எதற்குச் சமம் என்று ஒரு வரி தமிழில் எழுதிவிட்டுத்தான் எழுத்துக்களைப் போட வேண்டும். 'பேருந்தின் தூரம் = காரின் தூரம்.' அவ்வளவு போதும்.

---

தேர்வு_தயார்

தெரியாததாக எதை வைப்பது? சில புத்தகத்தில் தூரம், சிலதில் நேரம், சிலதில் வேகம். ஏதாவது வழிமுறை உண்டா?

---

சுண்ணக்கட்டி

கேட்டதை வைப்பதுதான் வழக்கம், ஆனால் அது கட்டாயமில்லை. நான் பார்ப்பது ஒன்றுதான்: தெரியாதது பகுதியில் (கோட்டுக்குக் கீழே) போய் விழக்கூடாது. வேகங்கள் கணக்கில் கொடுத்திருந்தால் தூரத்தையோ நேரத்தையோ வைக்கலாம், இரண்டும் நேரியச் சமன்பாடாகவே வரும். உங்கள் முதல் கணக்கையே குறித்த நேரம் ந என்று வைத்துப் போடலாம்: 40(ந + 1/3) = 50(ந − 1/6). 10ந = 65/3. ந = 13/6 மணி, அதாவது 130 நிமிடம். முன்னே சரிபார்க்கும்போது வந்த அதே 2 மணி 10 நிமிடம்.

வேகமே தெரியாதது என்றால்தான் சிக்கல். '300 கி.மீ. பயணத்தில் வேகத்தை 10 கூட்டினால் 1 மணி மிச்சம்' என்றால் 300/வ − 300/(வ + 10) = 1. இது இருபடிச் சமன்பாடு: வ² + 10வ − 3000 = 0, வ = 50. மற்ற மூலம் −60, அதை விட்டுவிட வேண்டும்.

ஆனால் தூரத்தைச் சொல்லாமல் இரண்டு தகவல் கொடுத்தால் நேரியதாகிவிடும். பார்க்க அழகான கணக்கு. 'வேகத்தை 10 கூட்டினால் 1 மணி குறையும், 10 குறைத்தால் 1 1/2 மணி கூடும்.' வேகம் வ, நேரம் ந. தூரம் மூன்று முறையும் அதுவே:

(வ + 10)(ந − 1) = வந
(வ − 10)(ந + 3/2) = வந

விரித்தால் இருபக்கமும் உள்ள வந அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது 10ந − வ = 10, (3/2)வ − 10ந = 15. கூட்டினால் வ/2 = 25. வ = 50, ந = 6, தூரம் 300. சரிபார்ப்பு: 60 × 5 = 300, 40 × 7.5 = 300.

விரிக்கும்போது −10 × 1 என்ற கடைசி உறுப்பை விட்டுவிடுவதுதான் இதில் வழக்கமான பிழை.

---

குறுக்குவழி

வேகம் குறைந்தால் நேரம் அதே விகிதத்தில் கூடும், அதை வைத்தே நிறையப் போடலாம். உதாரணம்: 'ரயிலில் கோளாறு. அந்த இடத்திலிருந்து வேகம் 3/4 ஆகி 30 நிமிடம் தாமதம். கோளாறு இன்னும் 60 கி.மீ. தள்ளி நடந்திருந்தால் 18 நிமிடம்தான் தாமதம்.' வேகம் 1/4 குறைவு, நேரம் 1/4 கூடுதல். 60 கி.மீ.க்கு 12 நிமிடம் கூடுதல், எனவே வழக்கமாக 48 நிமிடம். வேகம் 75.

---

சுண்ணக்கட்டி

இல்லை. வேகம் 3/4 ஆனால் நேரம் 4/3 ஆகும். கூடுதல் 1/4 அல்ல, 1/3. அந்த 60 கி.மீ.க்கு வழக்கமாக 36 நிமிடம், வேகம் மணிக்கு 100 கி.மீ.

சமன்பாட்டில்: 60 ÷ (3வ/4) − 60/வ = 12/60. முதல் உறுப்பு 80/வ. 20/வ = 1/5. வ = 100. உங்கள் 75-ஐப் போட்டுப் பாருங்கள்: 60 கி.மீ.க்கு 48 நிமிடம், 56.25 வேகத்தில் 64 நிமிடம். வித்தியாசம் 16, கணக்கில் இருப்பது 12.

கோளாறு நடந்த இடத்திலிருந்து மீதித் தூரமும் இதிலேயே வரும். 30 நிமிடத் தாமதம் வழக்கமான நேரத்தில் 1/3, ஆகவே வழக்கமான நேரம் 90 நிமிடம், 150 கி.மீ.

---

குறுக்குவழி

சரிதான், ஒப்புக்கொள்கிறேன். 3/4-இன் தலைகீழ் என்று எழுதியிருந்தால் தப்பியிருக்கும்.

---

மீட்டர்_கேஜ்

ரயில் வந்துவிட்டதால் நீளக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ரயில் ஒரு கம்பத்தை 12 நொடியில் கடக்கிறது, 200 மீட்டர் நடைமேடையை 22 நொடியில் கடக்கிறது. ரயில் நீளம் ள, வேகம் நொடிக்கு வ மீட்டர். ள = 12வ, ள + 200 = 22வ. கழித்தால் 200 = 10வ. வ = 20, ள = 240 மீட்டர். மணிக்கு 72 கி.மீ. (நொடிக்கு மீட்டரை 18/5-ஆல் பெருக்க வேண்டும். 5/18-ஆல் பெருக்கி 5.6 என்று வந்தால் அது சைக்கிளைவிட மெதுவான ரயில்!)

கம்பத்துக்கு அகலம் இல்லை, ரயில் தன் நீளத்தை மட்டும் ஓடினால் போதும். நடைமேடை, பாலம், சுரங்கம் என்றால் இரண்டு நீளமும் கூடும். நிஜ அளவில் பார்க்க வேண்டுமானால் பாம்பன் புதிய ரயில் பாலம், சுமார் 2,070 மீட்டர். இப்போதைய எல்.எச்.பி. வகைப் பயணிகள் பெட்டி ஒன்று ஏறக்குறைய 24 மீட்டர். 18 பெட்டியும் ஒரு என்ஜினும் சேர்ந்தால் 450 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 10 மீட்டரில், முழு ரயிலும் பாலத்தைத் தாண்ட 2520 ÷ 10 = 252 நொடி. ரயில் நீளத்தை மறந்தால் 207. முக்கால் நிமிடம் வித்தியாசம்.

'ரயிலில் உட்கார்ந்திருப்பவர் பாலத்தைக் கடக்க எவ்வளவு நேரம்' என்று கேட்டால் மட்டும் 207 சரி. கேள்வியில் யார் கடக்கிறார் என்பதைப் பாருங்கள்.

---

தேர்வு_தயார்

படகுக் கணக்கில் இரண்டு சமன்பாடு வருகிறதே, அதில் தெரியாதது கீழே விழுகிறது. 'எதிரோட்டத்தில் 30, நீரோட்டத்தில் 45 கி.மீ. செல்ல மொத்தம் 6 மணி. எதிரோட்டத்தில் 40, நீரோட்டத்தில் 30 செல்லவும் 6 மணி. அசையா நீரில் படகின் வேகமும் நீரோட்டத்தின் வேகமும் என்ன?'

---

வடலி

அப்படி விழும்போது கீழே உள்ளதையே முழுசாக ஒரு எழுத்தாக மாற்றிவிட வேண்டும். எதிரோட்டத்தில் 1 கி.மீ. செல்ல ஆகும் நேரம் அ, நீரோட்டத்தில் 1 கி.மீ. செல்ல ஆகும் நேரம் ஆ என்று வையுங்கள். 30அ + 45ஆ = 6, 40அ + 30ஆ = 6. முதலாவதை 3-ஆலும் இரண்டாவதை 2-ஆலும் வகுத்தால் 10அ + 15ஆ = 2, 20அ + 15ஆ = 3. கழித்தால் 10அ = 1. அ = 1/10, ஆ = 1/15.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். அ, ஆ இரண்டும் நேரம். கதி வேண்டுமானால் தலைகீழாக்க வேண்டும்: எதிரோட்டத்தில் மணிக்கு 10, நீரோட்டத்தில் 15 கி.மீ. அதுவும் கடைசி விடை அல்ல. படகு − ஓட்டம் = 10, படகு + ஓட்டம் = 15. அசையா நீரில் படகு 12.5, நீரோட்டம் 2.5.

---

தேர்வு_தயார்

போட்டுப் பார்த்தேன். 30/10 + 45/15 = 6. 40/10 + 30/15 = 6. வருகிறது. நான் 10, 15 என்பதையே விடையாக எழுதி வைத்திருந்தேன்.

ஒன்று மட்டும்: இதே கணக்கில் படகின் வேகம் 2.5, நீரோட்டம் 12.5 என்று மாற்றிப் போட்டாலும் கூட்டல் 15 தானே?

---

வடலி

கூட்டல் 15, ஆனால் 2.5 − 12.5 = −10. எதிரோட்டத்தில் படகு பின்னோக்கி அடித்துச் செல்லப்படும், 30 கி.மீ. மேலே ஏறவே ஏறாது.